நாலு விரற்கடை முன்னால்

முதல் நட்டு சொன்ன பேச்சைக் கேட்டது. அரை இஞ்ச் ரிங் ஸ்பேனரை மாட்டி ஓர் இழுப்பு, டிக்கென்று ஒரு சத்தம், அதற்குப் பிறகு விரலாலேயே சுற்றிக் கழற்றிவிட்டார். மூக்கின்மேல் ஒரு சிட்டிகை துரு விழுந்தது. இன்னாசிமுத்து அதைத் துடைக்கவில்லை. துடைக்கக் கை வேண்டும், கையை மடக்க இடம் வேண்டும், அம்பாசடரின் வயிற்றுக்கும் அவருடைய நெஞ்சுக்கும் நடுவே ஒரு சாண் இருந்தால் அதிகம். முன்சக்கரங்கள் இரண்டும் இரண்டு கருங்கல் பலகைமேல் ஏறி நின்றன, பின்சக்கரங்களுக்குச் செங்கல் முட்டுக் கொடுத்தாயிற்று. முதுகுக்குக் கீழே எதிர்வீட்டுக் கனகசபையின் பேரனுக்குக் காது குத்தியபோது அடித்த பேனர். நல்ல கெட்டி. சிரிக்கிற குழந்தையின் கன்னத்தின்மேல் இவருடைய தோள்பட்டை. "ஒண்ணு வந்துருச்சு" என்றார் மேலே பார்த்து. மேலே இருந்தது காரின் தரைத் தகடு. "சரி" என்றது தகடு. உள்ளே அவர் மனைவி அமலோற்பவம் முன்சீட்டுக்கு அடியில் தலையை விட்டு மண்டியிட்டிருந்தாள். போல்ட்டின் தலையை அவள் மேலே ஒரு ஸ்பேனரால் பிடித்துக்கொள்ள வேண்டும், இவர் கீழே நட்டைத் திருப்ப வேண்டும். ஒருவர் விட்டாலும் போல்ட்டு சும்மா சுற்றிக்கொண்டே கிடக்கும். நாலு மூலைக்கு நாலு போல்ட்டு. நாலையும் கழற்றி, சீட்டை நாலு விரற்கடை முன்னால் தள்ளி, மறுபடி முடுக்கினால் அவளுடைய கால் கிளட்சுக்கு எட்டும். எட்டினால் இன்று வெயில் ஏறுவதற்குள் அவளே ஓட்டிக்கொண்டு லால்குடிக்குப் போவாள். இடுப்பு முறிந்து படுத்திருக்கும் தங்கச்சி மோட்சராணியைப் பின்சீட்டில் சாய்த்துக் கிராப்பட்டிக்குக் கூட்டி வருவாள். அதற்குப் பிறகு இந்தச் சீட்டு அவளுடையது. எட்டாவிட்டால்? இவர் உட்கார்ந்த இடத்திலேயே சீட்டு இருக்கும். அதற்குமேல் அவர் யோசிக்கவில்லை. அடுத்த மூலைக்கு ஊர்ந்தார்.

இரண்டாவதில்தான் தகராறு. அதே அரை இஞ்ச் ஸ்பேனர் இதில் ஏறவில்லை. ஏறுவதுபோல் வந்து விளிம்பில் நின்றது. ஒரு மயிரிழை. ஒரே சீட்டு, ஒரே வண்டி, ஒரே நாளில் ஒரே ஆள் முடுக்கியது. அது அரை இஞ்ச், இது பதிமூணு மில்லிமீட்டர். பதிமூணாம் நம்பரைப் போட்டால் இதில் கச்சிதம், அதே பதிமூணை அரை இஞ்சில் போட்டால் லேசாக ஆடும், ஆடினால் முனை மழுங்கும், மழுங்கினால் தொலைந்தது. எல்லாம் அந்த மயிரிழை செய்கிற வேலை. "மேல என்ன ஸ்பேனர் போட்டிருக்க?" "நீங்க குடுத்ததுதான்." "அத எடு. பதிமூணு போடு." "எதுங்க பதிமூணு?" "அதுலயே எழுதியிருக்கும்." "எழுதினதெல்லாம் தேஞ்சு போச்சு. வாராவாரம் நீங்க துடைச்ச துடைப்புல." துடைக்காமல் துருப்பிடிக்க விடவா? மெக்கானிக் காஜா பாயை அல்லவா சொல்ல வேண்டும். சீட்டை முன்னும் பின்னும் நகர்த்தும் தண்டவாளம் துரு தின்று உடைந்தபோது, "தண்டவாளம் எதுக்கு சார், ரயிலா ஓட்டுறீங்க" என்று சொல்லித் தூக்கிப்போட்டவர் அவர். இவரை ஏறி உட்காரச் சொன்னார். காலை நீட்டுங்க. மிதிங்க. சௌகரியமா இருக்கா? இன்னும் பின்னாடி போவமா? இவருடைய நீளக் காலுக்குத் தோதான இடத்தில் தகட்டில் நாலு புதுத் துளை, பட்டறைத் தகரடப்பாவில் அகப்பட்ட நாலு போல்ட்டு. ஒன்று இந்த வண்டியோடு பிறந்தது, ஒன்று ஏதோ வேனிலிருந்து கழன்றது, மற்ற இரண்டும் எந்த ஊர் எந்த யந்திரமோ. "போல்ட்டுக்குச் சாதி கெடையாது சார், புடிச்சாப் போதும்." பிடித்தது, அதைச் சொல்ல வேண்டும், இத்தனை வருஷம் ஒரு அசைவு இல்லை. அன்றைக்கு அமலோற்பவமும் பட்டறை வாசலில்தான் நின்றாள், கையில் குடையோடு. அவளை யாரும் ஏறி உட்காரச் சொல்லவில்லை. எதற்குச் சொல்வார்கள். ஓட்டுகிறவனுக்குத்தானே சீட்டு. அதில் என்ன தப்பு, ஒரு தப்பும் இல்லை, பின் எதற்கு இப்போது அந்தக் குடை ஞாபகத்துக்கு வருகிறது, கறுப்புக் குடை, ஒரு கம்பி வெளியே நீட்டிக்கொண்டு. "பதிமூணு கெடைச்சுருச்சு" என்றது தகடு. "பிடி." "பிடிச்சிருக்கேன்." இழுத்தார். வந்தது.

மூன்றாவது நட்டு எங்கே என்று தலையைத் திருப்பித் திருப்பித் தேட வேண்டியிருந்தது. அங்கேதான் இருந்தது, காதுக்கு அருகே. முன்பெல்லாம் கண்ணை உருட்டினால் போதும். இப்போது முழுத் தலையையும் திருப்பி, நேராக வைத்து, நடுவில் கொண்டுவந்தால்தான் ஒரு பொருள் பொருளாகிறது. சர்வேயராக இருந்த காலம் முழுக்க தியோடலைட்டில் ஒற்றைக் கண்ணை வைத்துப் பார்த்தவர். அந்தக் கண்ணாடிக்குள் ஒரு வட்டம், வட்டத்துக்குள் தூரத்துக் கொடிக்கம்பு, வட்டத்துக்கு வெளியே கறுப்பு. வேலை முடிந்ததும் தலையைத் தூக்கினால் உலகம் இரண்டு பக்கமும் சடாரென்று விரியும், வரப்பு, பனை, ஆடு மேய்க்கிறவள், வானம். இப்போது தலையைத் தூக்கினாலும் விரிவதில்லை. அவ்வளவுதான் வித்தியாசம். கண் அழுத்தம் என்றார் டாக்டர். ஓரத்துப் பார்வை போனது போனதுதான், நடுவில் இருப்பதைக் காப்பாற்றலாம், சொட்டு மருந்தை விடாமல் போடுங்க, வண்டி ஓட்டுறதை மட்டும் விட்டுடுங்க ஐயா. மட்டும். மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைக்கச் சொல்வதுபோல் சொன்னார். இவர் விடவில்லை. ஒன்றிரண்டு மாதம் நன்றாகத்தான் போயிற்று, பழகின தெரு, பழகின திருப்பம். அப்புறம் பாலக்கரையில் அந்த இளநீர் வண்டி. எங்கிருந்து வந்தது? எங்கிருந்தும் வரவில்லை. அங்கேயேதான் நின்றது. தடாலென்று ஒரு சத்தம், ரோடெல்லாம் பச்சைப் பச்சையாக உருளுகிறது. "யோவ் பெருசு, கண்ண என்ன வீட்டுல கழட்டி வச்சுட்டு வந்தியா?" இளநீர்க்காரனுக்கு அடியில்லை. வண்டியின் ஒரு சக்கரம் கோணிக்கொண்டது, அவ்வளவே. அவனுக்குப் பின்னால் ஸ்டூல் போட்டு ஒரு பெண் கைக்குழந்தைக்கு வழுக்கை ஊட்டிக்கொண்டிருந்தாள். இளநீர் வண்டியை இடித்த பிறகுதான் அந்த ஸ்டூலை இவர் பார்த்தார். நடுவே ஒரு கஜம்கூட இல்லை. அமலோற்பவம் இறங்கினாள். புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு சாக்கடையோரம் வரைக்கும் போய் ஒவ்வொரு காயாகப் பொறுக்கி வண்டியில் அடுக்கினாள். ஏறி உட்கார்ந்தாள். வீடு வரைக்கும் பேச்சில்லை. திட்டியிருக்கலாம். மறுநாள் காலையில் பூசை முடிந்ததும் நேராக டிரைவிங் ஸ்கூலில் போய்ச் சேர்ந்துவிட்டாள். எட்டு போட்டுக் காட்டி லைசென்சும் வாங்கிவிட்டாள். இந்த வயசுல எதுக்கும்மா என்று கேட்ட இன்ஸ்பெக்டரிடம், "பஸ்ஸுல படி ரொம்ப உசரமா இருக்குங்க" என்றாளாம்.

நட்டின்மேல் பதினாலாம் நம்பரை வைத்தார். ஏறவில்லை. பதினைந்தை வைத்தார். கொடகொட என்று ஆடியது. பதினாலுக்குப் பெரிசு, பதினைந்துக்குச் சிறிசு; இப்படி ஒன்றைச் செய்து எவனாவது சந்தைக்கு அனுப்புவானா, அனுப்பியிருக்கிறான், எங்கேயோ ஒரு நாட்டில் இதற்கும் ஓர் அளவு இருக்கிறது, அங்கே இதற்கென்று ஒரு ஸ்பேனர், அதை மாட்டினால் கச்சிதமாக உட்காரும், அந்த ஸ்பேனர் இவரிடம் இல்லை. இஞ்ச் செட்டில் பாதி எப்போதோ தொலைந்துவிட்டது. எரிச்சலில் பதினைந்தையே போட்டு ஓர் இழுப்பு இழுத்தார். வழுக்கிக்கொண்டு போய் விரல் மொளி சைலன்சர் குழாயில் இடித்தது. ஒரு கெட்ட வார்த்தை வந்தது. "ஞாயித்துக்கெழமைங்க" என்றது தகடு. "அது அதுக்குத் தெரியல" என்றார். விரலை வாயில் வைத்துக்கொண்டார். துரு ருசி, கிரீஸ் ருசி, ரத்தம் இருந்தால் அதுவும் இதே ருசிதான். கேட்டுக்கு வெளியே செருப்புச் சத்தம் வந்து நின்றது. கனகசபையின் கால்கள். கணுக்காலுக்கு மேலே ஒன்றும் தெரியாது, ஆனால் அந்தக் கால்களுக்கே ஒரு நக்கல் உண்டு. "என்ன சர்வேயரே, வண்டிக்கு அடியில எல்லைக்கல்லு நடுறீங்களா?" இவர் வாயிலிருந்து விரலை எடுக்கவில்லை. "அம்மா ஓட்டப்போறாங்களாமே, நெசமா? தெருவுல சொல்லிவச்சுரணுமே, நாயையெல்லாம் கட்டிப்போடச் சொல்லி." "மொதல்ல உங்களக் கட்டிப்போடச் சொல்லணும் கனகு சார்" என்றாள் அமலோற்பவம் உள்ளேயிருந்து, சீட்டுக்கு அடியிலிருந்து வந்ததால் குரல் குடத்துக்குள்ளிருந்து வந்ததுபோல் இருந்தது. "நீங்கதான் எந்நேரமும் ரோட்டுல நிக்கிறீங்க." கால்கள் சிரித்தன. "சார் முன்னாடி உக்காருவாரா, பின்னாடி உக்காருவாரா? பின்னாடி உக்காந்தா மொதலாளி மாதிரி இருக்கும்." "டாப்புல உக்காருவேன்" என்றார் இன்னாசிமுத்து. "போய்ட்டு வாய்யா." கால்கள் போயின. முன்னாடியா பின்னாடியா. அதை அவர் யோசித்திருக்கவில்லை. யோசிக்க என்ன இருக்கிறது. ஓட்டுகிற இடம் இல்லையென்றால் மற்றதெல்லாம் ஒன்றுதான்.

"அமலம், டூல் பையில ஒடிஞ்ச ரம்பத் தகடு ஒண்ணு கெடக்கும், இரும்பு அறுக்கிற ரம்பம். அத எடுத்துக் குடு." கதவைத் திறந்து, குனிந்து, கையைக் காருக்கு அடியில் நீட்டினாள். அவளுடைய கை தனியாக வந்தது, வளையலோடு, அதைச் சொந்தக்காரி இல்லாமல் பார்ப்பது விசித்திரமாக இருந்தது. மெல்லிசுத் தகடு, விரல் நீளம். அதை நட்டின் ஒரு பக்கத்தில் வைத்து, அதோடு சேர்த்துப் பதினைந்தை மாட்டினார். ஆட்டம் நின்றது. இடுக்கை அடைத்துவிட்டால் எந்த ஸ்பேனரும் சொந்த ஸ்பேனர்தான். இதுவும் காஜா பாய் கைப்பழக்கம். இழுத்தார். நட்டு முனகியது, நகரவில்லை. மண்ணெண்ணெய் விட்டது இன்னும் ஊறவில்லைபோல. ஊறட்டும். "கொஞ்சம் இரு" என்றார். "இருக்கேன்" என்றாள். அந்த இருக்கேன். எத்தனை வருஷத்து இருக்கேன் அது. துறையூர்ப் பக்கம் கேம்ப் போட்டிருந்தபோது திருச்சி ஆபீசுக்குப் பேச வேண்டுமென்றால் தபாலாபீஸில் டிரங்க்கால் பதிவு செய்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். எக்ஸ்சேஞ்சில் ஒரு பெண்குரல். லைன்ல இருங்க. இருக்கீங்களா? இருக்கேன். மூணு நிமிஷம் ஆச்சு, நீட்டிக்கவா, முடிச்சுக்கவா? முடிச்சுக்கோ, என்பார் இவர், எப்போதும் முடிச்சுக்கோதான், ஒருநாள் மட்டும் ஏனோ நீட்டிக்கோ என்றார், ஆபீஸ் லைன் ஏற்கனவே அறுந்துபோயிருந்தது, யாரிடம் பேச நீட்டுகிறீர்கள் என்று அவள் கேட்டாள். முகம் பார்ப்பதற்கு முன்னால் ஏழெட்டு மாதம் அந்தக் குரல்தான். பணி ஓய்வு வரைக்கும் அதே வேலை பார்த்தாள், காதில் கருவியை மாட்டிக்கொண்டு ஊரார் பேச்சை இணைப்பது. கேட்பதில்லை, காதில் விழும் என்பாள். யார் நிசம் பேசுகிறார்கள், யார் புளுகுகிறார்கள் என்று முதல் வார்த்தைக்கு முன்னால் விடுகிற மூச்சிலேயே தெரிந்துவிடும் என்பாள். இவர் அதிகம் பேசாததற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். இப்போது மறுபடி முகம் இல்லை. நடுவில் ஒரு தகடு, மேலே ஒரு குரல், கீழே ஒரு குரல். "பிடி" என்றார். "பிடிச்சிருக்கேன்." வயிற்றை எக்கி இழுத்தார். நட்டு ஒரு சத்தத்தோடு விட்டுக்கொடுத்தது. "மூணு."

நாலாவது, ஓட்டுகிறவன் பக்கத்து முன்மூலை. அதற்கு நேர் மேலேதான் இவருடைய வலது தொடை அழுந்தும். அந்த இடத்தில் சீட்டுத்துணி இரண்டு தடவை கிழிந்து இரண்டு தடவை தைத்தது. இதில் பதினாலே ஏறியது, கச்சிதமாக, தகடு கிகடு எதுவும் வேண்டியிருக்கவில்லை. முதல் இழுப்புக்கு அசையவில்லை. இரண்டாவது இழுப்புக்கும் இல்லை. அவருக்கு உள்ளூர ஒரு குளிர்ச்சி வந்தது. என்ன அது என்று பார்த்தார். சந்தோஷம். வராமல் போகட்டுமே. வராவிட்டால் யார் என்ன செய்ய முடியும், போல்ட்டுதானே, பிடித்துக்கொண்டது, விட மாட்டேன் என்கிறது, இவரா சொல்கிறார். மூன்றாவது இழுப்பில் ஸ்பேனர் மெத்தென்று இளகியது. கையிலேயே தெரிந்துவிட்டது. விரலை வைத்துத் திருப்பிப் பார்த்தார். அரைச் சுற்று. சமர்த்தாகச் சுற்றியது. நிறுத்தினார். தெருவில் யாரோ சைக்கிள் மணி அடித்துக்கொண்டு போனார்கள். மாதா கோவில் மணி இல்லை, சைக்கிள்தான். போல்ட்டு வரலை. இரண்டே வார்த்தை. சுருக்கமாகப் பேசுகிறவனுக்குப் பொய்யும் சுருக்கமாகத்தான் வரும். சொல்லிவிட்டால் நாளைக்கு ஒரு மெக்கானிக்கைத் தேட வேண்டும், காஜா பாய் மகனோடு துவரங்குறிச்சிக்கே போய்விட்டார், மற்றவன் எவனும் இந்த வண்டியைப் பார்த்தால் கும்பிடு போட்டு அனுப்பிவிடுவான். நாளை நாளையென்று ஒரு மாதம் ஓடிவிடும். சாவி ஆணியில் தொங்கும். விடிகாலையில், தெருவில் ஒரு ஈ காக்கை இல்லாதபோது, கோவில் வரைக்கும் மட்டும், நேர் ரோடு, இரண்டாம் கியரில், யாருக்கு என்ன நஷ்டம். ஸ்டூல். கைக்குழந்தை. சரி, ஸ்டூல் எல்லா இடத்திலுமா போட்டிருப்பார்கள். தலையை நன்றாகத் திருப்பித் திருப்பிப் பார்த்து ஓட்டினால். அந்தப் பக்கம் திருப்பினால் இந்தப் பக்கம் கறுப்பு. இந்தப் பக்கம் திருப்பினால் அந்தப் பக்கம். தெரிந்த கணக்குதான் இது. எத்தனை ராத்திரி போட்ட கணக்கு. போட்டுப் போட்டு ஒவ்வொரு தடவையும் கடைசி வரிக்கு முன்னால் எழுந்துபோய்த் தண்ணீர் குடித்த கணக்கு. "என்னங்க ஆச்சு?" என்றது தகடு. இன்னாசிமுத்து மூச்சை இழுத்தார். "வரலை" என்றார்.

சொன்ன பிறகுதான் அவருக்கு உறைத்தது. போல்ட்டின் தலை அவள் கையில் அல்லவா இருக்கிறது. இங்கே நட்டு இளகியபோது அங்கே அவள் பிடித்த ஸ்பேனர் ஒரு துள்ளு துள்ளியிருக்கும், பிடித்த பிடி சும்மாவாகியிருக்கும். இவர் வாயைத் திறப்பதற்கு முன்னாலேயே அவளுக்குத் தெரியும். மூச்சை வேறு கேட்டிருப்பாள். காது சுட்டது. இந்த வயதில், வண்டிக்கு அடியில் மல்லாந்து கிடந்துகொண்டு. கேட்கட்டும், ஏன் பொய் சொன்னீங்க என்று கேட்கட்டும், கத்திவிடலாம், கத்துவதற்குத் தயாராகக்கூட இருந்தார். "சரிங்க" என்றாள். கோபமில்லை, குத்தலில்லை. "அப்ப விடுங்க. மத்த மூணையும் பழையபடி முடுக்கிருங்க. நான் முதுகுக்குத் தலகாணி வச்சுக்கறேன்." "என்ன?" "தலகாணி. வச்சுக்கிட்டு நம்ம தெருவுல ரெண்டு சுத்து போய்ப் பாத்தேன் நேத்து, நீங்க தூங்குறப்ப. கொஞ்சம் நழுவுது. புடவைய நல்லா இழுத்துச் செருகிக்கிட்டா நிக்குது." "எந்தத் தலகாணி?" "ஹால்ல கெடக்கே, இலவம்பஞ்சு, அதுதான்." "அது அமுங்கும்." "அமுங்குது." "அமுங்கினா கால் எட்டாது." "எட்டுற வரைக்கும் எட்டட்டும்" என்றாள். "மோச்சி காத்துக்கிட்டு இருப்பா. நாலு மாசமா அந்தக் கூரையவே பாத்துக்கிட்டுக் கெடக்குறா. நான் இன்னிக்கு வர்றேன்னு சொல்லிட்டேன்." அவ்வளவுதான். போகப்போகிறாள். போல்ட்டு வராவிட்டால் வண்டி நின்றுவிடும், அவளும் நின்றுவிடுவாள் என்று நினைத்துவிட்டாரே, இரண்டும் நிற்காது. இந்தக் கணக்கு அவர் போடவே இல்லை. சீட்டு இங்கே இருந்தாலும் அவள் அங்கே இருப்பாள். கொள்ளிடம் பாலம். முன்னால் மணல் லாரி. லாரிக்காரன் சடாரென்று நிறுத்துவான், அவனுக்குப் பின்னால் விளக்கு எரியாது, அவள் பிரேக்கை முழு பலத்தோடு மிதிப்பாள், மிதிக்கிற வேகத்துக்கு முதுகு பின்னால் தள்ளும், இலவம்பஞ்சு உள்வாங்கும், கால் போகும், போகும், தரையைத் தொட இன்னும் ஒரு மயிரிழை இருக்கும்போது நின்றுவிடும். அந்த மயிரிழை. அவர் கண்ணை மூடிக்கொண்டார். மூடினால் எல்லாப் பக்கமும் ஒரே கறுப்பு, அதுவே தேவலை. அந்தப் பாலத்தில் காற்று நன்றாக அடிக்கும். கண்ணாடியை இறக்கிவிட்டிருப்பாள். தலையில் பூ வைத்திருப்பாள், தங்கச்சிக்குத் தனியாக ஒரு பொட்டலம். லாரி. காற்று. லாரி. அவர் கை தானாக நட்டைத் தேடிப் போனது.

"இரு" என்றார். "பிடி." "பிடிச்சிருக்கேன்" என்றாள், அவள் பிடியை விடவே இல்லைபோல. விரலால் சுற்றினார். ஒன்று, இரண்டு, நட்டு உள்ளங்கையில் வந்து விழுந்தது, சூடாக, ஒரு பல்லைப்போல். "வந்துருச்சு." "சரி" என்றாள். அதற்குமேல் ஒரு வார்த்தை இல்லை. நல்லவேளை. ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நிச்சயம் கத்தியிருப்பார். "இனி தள்ளு. ரப்பர் மேட்டுக்கு அடியில கம்பெனிக்காரன் போட்ட பழைய துளை நாலும் முன்னாடி இருக்கு. நேராத் தள்ளு, கோணாம." மேலே ஒரு மூச்சு, வளையல் சத்தம், பிறகு இரும்பு இரும்பின்மேல் இழுபடுகிற ஒரு நீண்ட கரகரப்பு, பல் கூசியது. சீட்டின் கால்கள் நகர்ந்துபோயின. நகர்ந்ததும் காஜா பாய் போட்ட நாலு துளைகளும் திறந்துகொண்டன. இத்தனை வருஷம் போல்ட்டு அடைத்திருந்த இடத்தில் இப்போது வெளிச்சம், உள்ளேயிருந்து நாலு கம்பிபோல் இறங்கி அவர் சட்டையின்மேல் நாலு காசாக விழுந்தது. பார்த்துக்கொண்டிருந்தார். கையை அதில் வைத்தார். கைமேல் விழுந்தது. "எந்த போல்ட்டு எந்த ஓட்டைங்க?" "எங்க வேணாலும் போடு. நான் நட்ட மட்டும் மாத்தாமப் பாத்துக்கறேன்." ஒவ்வொன்றாக மேலேயிருந்து போல்ட்டின் நுனி எட்டிப்பார்த்தது, ஒவ்வொன்றுக்கும் அதனதன் நட்டைத் தடவித் தேடி மாட்டினார். ஒன்று மட்டும் துளைக்குத் துளை ஒரு நூல் ஒட்டவில்லை. "ஸ்க்ரூடிரைவர உள்ள விட்டு நெம்பு. அந்தப் பக்கம் இல்ல, உன் பக்கம்." "என் பக்கம் எதுன்னு உங்களுக்கு எப்படித் தெரியும் அங்கேருந்து?" "நெம்புடின்னா." நெம்பினாள். உட்கார்ந்தது. நாலையும் முடுக்கினார். பதினாலு, பதினைந்தும் தகடும், பதிமூணு, அரை இஞ்ச். அவள் பிடித்தாள், இவர் திருப்பினார். "போதும்ங்க, தலையே பிய்ஞ்சுறப்போகுது." "நீ பிடி." இன்னொரு கால் சுற்று. "ஏங்க, இந்தச் சீட்டு ஒரே பலகையால்ல இருக்கு. நான் முன்னாடி வந்தா நீங்களும் முன்னாடி வரணும். உங்க முழங்கால் இடிக்குமே?" ஆமாம். இடிக்கும். பாலக்கரைவரைக்கும் என்றால் பரவாயில்லை, லால்குடி தூரம். "அது என் பாடு" என்றார். "பின்னாடி வேணா காலை நீட்டி..." "முன்னாடிதான் உக்காருவேன்." மேலே ஒரு சிரிப்பு, குடத்துக்குள்ளிருந்து. "கனகு சார் பாத்துக்கிட்டேதான் இருப்பாரு." "பாக்கட்டும். நீ ஏறி உக்காந்து கிளட்ச மிதி, நான் கீழேருந்து பாக்கறேன்."

கதவு திறந்தது, சாத்தியது. தகடு லேசாக ஒரு நெளிவு நெளிந்தது, இவர் உட்கார்ந்தால் இதைவிட அதிகம் நெளியுமாக இருக்கும், அவருக்கு எப்படித் தெரியும். கியர்ப் பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு சின்ன உருளை, அதிலிருந்து ஒரு கம்பி, கம்பிக்கு முனையில் ஒரு கொக்கி. கிளட்சை மிதித்தால் அந்தக் கம்பி வெளியே வந்து கொக்கியைத் தள்ள வேண்டும். புத்தகத்தில் படம் பார்த்திருக்கிறார். ஆணியடித்ததுபோல் அப்படியே இருக்கிற கம்பியைத்தான் இத்தனை வருஷமும் துடைத்து எண்ணெய் போட்டிருக்கிறார். "மிதிக்கவா?" "மிதி." மேலே ஒரு கிரீச்சு. கம்பி வந்தது. எண்ணெய் பூசின பளபளப்போடு, அவசரமில்லாமல், உருளைக்குள்ளிருந்து விரல் நீளத்துக்கு வெளியே வந்து கொக்கியை நெட்டித் தள்ளிக்கொண்டு போய் நின்றது. "முழுசா மிதி." "முழுசாத்தாங்க. தரையில முட்டிருச்சு." முட்டியிருந்தது. இவருக்குத் தெரிந்தது. "விடவா?" "விடு." கம்பி பின்வாங்கி உள்ளே போயிற்று. அது நகர்ந்து அவர் பார்த்ததே இல்லை. எப்படிப் பார்த்திருக்க முடியும், அது நகர்ந்தபோதெல்லாம் மேலே இருந்து மிதித்தவர் அவர்தானே. "சரியா இருக்குதா?" என்று கேட்டாள் அமலோற்பவம். சரியாக இருந்தது. சொட்டு ஒழுகல் இல்லை, எங்கும் உராயவில்லை, பார்ப்பதற்கு இனி ஒன்றும் இல்லை. வெயில் ஏறிக்கொண்டிருந்தது, எழுந்து கைகால் கழுவ வேண்டும், கல்லிலிருந்து வண்டியை இறக்க வேண்டும்.

"இன்னொரு தடவை மிதி" என்றார்.